உபதேசியார் செய்யாத பாவம்

என் புருஷனுக்கு ஆண்குறியில் ஐந்து வருஷம் புண் இருந்தது. ஒரு பொம்பளை இதை இப்படிப் போட்டு உடைக்கிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தோடு எழுந்து போகலாம். சுளித்தவர்கள், சிரித்தவர்கள், எங்கள் வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாரையும் நான் பார்த்தாயிற்று. புதிதாக யாரும் எனக்குக் காட்ட வேண்டியதில்லை.

அவர் பெயர் தைரியநாதன். ஊர் சந்தியாகுபட்டி. ஆவூருக்குப் போகிற வண்டிப்பாதையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எண்பது வீடு. எங்கள் பங்குச்சாமிக்குப் பதினோரு ஊர் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மாட்டு வண்டியில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் பொறுப்பு. கோயிலில் ஜெபம் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்க வேண்டும், சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மரண ஜெபம் வாசிக்க வேண்டும். 1940ஆம் வருஷம் அந்த வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு இருபத்தைந்து.

சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு துண்டு புஞ்சை, கூரை வீடு, இரண்டு ஆடு. ஆனால் அவர் வாயில் இருந்து ஒரு சொல் வந்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். வரப்புச் சண்டையில் மண்வெட்டியைத் தூக்கியவர்கள்கூட, "உபதேசியார் சொல்லட்டும், கேட்டுக்கிறோம்" என்று நிற்பார்கள். நோன்பிருக்கிற தபசு காலத்தில் சேசுநாதர் பாடுபட்ட கதையை அவர் ராகம் போட்டு வாசித்தால் பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். எறும்பு கடித்தாலும் எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். எனக்கும் அவருக்கும் சேர்த்து ஆண்டவர் கோபத்தை என்னிடமே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

உபதேசியார் ஆன மறு வருஷம் மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. ஜெபம் சொல்லும்போது ஒரு இடத்தில் நிற்க மாட்டார், காலை மாற்றி மாற்றி வைப்பார். வேட்டியை அடிக்கடி தளர்த்திக் கட்டுவார். நான் கேட்டால், "வேர்க்குரு" என்பார். மழையில் எவனுக்கய்யா வேர்க்குரு வரும்? ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, "காட்டுங்க" என்றேன். காட்டினார். தோல் சிவந்து, தடித்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. சொறிந்து சொறிந்து ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. நான் ஐயோ பாவமே என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"எங்க போனீங்க?" என்றேன்.

இரண்டு மாதம் முன்னால் உபதேசியார்களுக்கெல்லாம் திருச்சியில் பத்து நாள் ஒடுக்கம் நடந்தது. இவரும் போயிருந்தார். பேசாமல், ஜெபத்திலும் தியானத்திலும் பத்து நாள் இருந்துவிட்டு வந்த மனுஷனைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது.

"மாதா மேல ஆணையாச் சொல்றேன் செபமாலை, நான் எங்கயும் போகலை," என்றார். ஜெபமாலையம்மாள் என்ற என் பெயரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அவருக்குத் தனிப் பாய், தனிச் செம்பு. எனக்கு அதுவரை ஒரு சின்னக் கொப்புளம்கூட வந்ததில்லை, அதற்குப் பிறகும் வந்ததில்லை. இவர் எங்கேயாவது போய் வாங்கி வந்திருந்தால் எனக்கும் வந்திருக்க வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற புத்தி அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

அன்னவாசல் பக்கம் ஆத்மநாதன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். கூட்டிப்போனேன். அந்த மனுஷன் புண்ணைப் பார்க்கவே இல்லை. எந்த இடம் என்று கேட்டார், இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். உடனே வைத்தியர் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"மேகப்புண்ணு. எந்த ஊர்ச் சரக்குன்னு ஒங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்," என்றார்.

பாதரசம் போட்ட உருண்டை கொடுத்தார். உப்பு, புளி இல்லாத பத்தியம். பன்னிரண்டாம் நாள் இவர் ஈறெல்லாம் வீங்கி, வாயில் இருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கிண்ணத்தை மோவாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன் பல் இரண்டும் பக்கத்துப் பல் ஒன்றும் கையோடு வந்துவிட்டன. "நஞ்சு எறங்குது, நல்ல அடையாளம்" என்றார் வைத்தியர். எறங்கியது நஞ்சா? என் புருஷனின் பல் எறங்கியது! அதற்குப் பிறகு அவர் ஜெபம் சொன்னால் வார்த்தைக்கு நடுவே காற்றுப் போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். புண் அப்படியே இருந்தது.

அடுத்து சேங்கொட்டை லேகியம். அதைத் தின்ற மூன்றாம் நாள் முகமே தெரியாத அளவுக்கு வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. உடம்பு முழுக்கத் தடிப்பு. இடுப்புக்குக் கீழே நெருப்பை அள்ளிக் கொட்டியது மாதிரி எரிகிறது என்று அந்தப் பொறுமைசாலி மனுஷன் தரையில் புரண்டார். நான் வைத்தியர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன்.

"உள்ள இருந்தது வெளிய வருது தாயி. எவ்வளவு வருதோ அவ்வளவு பாவம்னு வச்சுக்கங்க," என்றார்.

மருந்து கொடுத்ததோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். சந்தைக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்களிடம் "ஒங்க உபதேசியாருக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்திருக்கிறார். என்ன வியாதி என்று கேட்காமலே சொல்லியிருக்கிறார். அந்த வாரமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நான் என் தாலியில் கிடந்த தங்கக் குண்டுமணிகளைக் கழற்றி விற்றுவிட்டு, புதுக்கோட்டையில் போர்டு மாட்டியிருந்த ஒரு இங்கிலீஷ் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்தார். முதல் முதலாகக் குனிந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர் அவர்தான். ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் அந்த வியாதி என்றே வைத்துக்கொண்டு கை நரம்பில் வாரம் ஒரு ஊசி போட்டார். ஊசி போட்ட நாளெல்லாம் இவர் வாந்தி எடுப்பார். ஐந்தாம் வாரம் மெட்ராசில் இருந்து காகிதம் வந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்.

"இது அந்த வியாதி இல்லைம்மா. தோல் சமாசாரம். ஏன் ஆற மாட்டேங்குதுன்னு எனக்குத் தெரியலை," என்றார்.

தெரியவில்லை என்று சொல்லவா இவ்வளவு ஊசி என்று அவர் மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால், எனக்குத் தெரியாது என்று வாய் விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அந்தக் காகிதத்தைப் பங்குச்சாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இங்கிலீஷ் படித்தவர். இரண்டு தரம் வாசித்தார். பக்கத்தில் எங்கள் ஊர் நாட்டாமை தங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். சாமியின் வண்டிக்கு மாடு கொடுக்கிறவர் அவர், அதனால் சாமி எங்கே இருந்தாலும் அவரும் இருப்பார்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னுதான் போட்டிருக்கு," என்றார் சாமி.

"அப்ப புண்ணு எப்படிங்க சாமி இருக்கு?" என்றார் தங்கமுத்து. "காகிதத்துல இல்லை, உடம்புல இருக்கு. நாங்க எதைப் பார்த்து நம்புறது?"

சாமி காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருக்குத் துர்மாதிரிகையாக, கெட்ட உதாரணமாக, ஆகிவிட்டதால் அந்தத் தபசு காலத்தில் பாடுகளின் கதையை வேறு ஆள் வாசிக்கட்டும் என்றார். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும் வேண்டாம் என்று ஆள் வந்தது. கோயில் சாவியைத் தங்கமுத்துவின் அக்காள் மகன் வந்து வாங்கிக்கொண்டு போனான். இவர் சாவியைத் துடைத்துக் கொடுத்தார். துடைத்து! நான் அதைக் கிணற்றில் எறிந்திருப்பேன்.

சேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் எல்லாரும் சாமியிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை என்கிற தேவ அப்பத்தை வாங்க வேண்டும். அது எங்கள் கட்டாயம். இவரும் போய் முழங்கால் போட்டார். பொய், கோபம், ஜெபத்தில் பராக்கு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். சாமி, "இன்னும்?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார். சாமி மறுபடியும் கேட்டிருக்கிறார். பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது பெரிய சாவான பாவம், நீர் எழுந்து போம் என்று சொல்லிவிட்டார். ஊரே வரிசையில் நன்மை வாங்கப் போனபோது இவர் மட்டும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

இப்படி ஒரு வருஷமல்ல, இரண்டு பாஸ்கு. எங்கள் கிணற்றுக்கு யாரும் வர மாட்டார்கள், நான் ஊர்க் கிணற்றுக்குப் போனால் வாளியை விளக்கிவிட்டு இறைப்பார்கள். என் ஆத்தா வீட்டில் இருந்து, "வாழாட்டிப் பரவாயில்லை, வந்துரு" என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை இல்லாதது அதனால்தான் என்றார்கள். நான் உடைந்துவிட்டேன். உடைந்தவள் அழுதிருக்கலாம். நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"ஏங்க, சொல்லித் தொலைச்சா என்ன?"

"எதை?"

"போனேன்னு."

அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினார். "நான் போகலையே."

"போகலைன்னு சொல்லி என்னத்தைக் கண்டோம்? போனேன், தப்புதான்னு ஒரு வார்த்தை. சாமி ஒரு தவம் குடுப்பாரு, செஞ்சு முடிச்சா ஊரு வாயை மூடும். எல்லா ஆம்பளையும் செய்றதுதானேன்னு விட்டுருவாங்க. நீங்க இல்லை இல்லைங்கவும்தான் இப்படிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. எனக்காகச் சொல்லுங்க. என்னால இதுக்கு மேல முடியாது."

"செய்யாத பாவத்தைச் செஞ்சேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொல்றது அதை விடப் பெரிய பாவம், செபமாலை."

"அந்தப் பாவம் என் தலையில விடியட்டும்!" என்று கத்தினேன்.

குழையைக் கட்டி முடித்தார். பிறகு, "நீயாச்சும் நம்புறியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இன்னும் பத்து வருஷம் தாங்கியிருப்பார். நான் சொன்னது இதுதான்: "நான் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?" சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஊர்க்காரர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதைவிட ஒரு படி கூடுதலாக, அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போன அந்தப் பொம்பளை மேல் இருக்கிறது. அவளைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த பூசைக்குச் சாமி வந்தபோது இவர் போய், போனேன், தப்புதான் என்று சொல்லிவிட்டார். ஊரறிந்த துர்மாதிரிகைக்கு ஊரறியப் பரிகாரம் வேண்டும் என்றார் சாமி. மூன்று ஞாயிறு, ஜெபம் தொடங்கி முடியும்வரை கோயில் வாசற்படியில் முழங்காலில் நிற்க வேண்டும். தலையில் காரை முள்ளில் பின்னிய முடி, கையில் எரிகிற மெழுகுதிரி. பழைய காலத்து வழக்கம், எங்கள் பக்கத்தில் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தங்கமுத்து மட்டும் நின்று, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா உபதேசியாரே?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டார். அந்த அன்பை எதில் போட்டு அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் வாயை மூடியதா? மூடவில்லை. தவம் முடிந்தும் புண் ஆறவில்லை. அது எப்படி ஆறும், காரணம் அப்படியே இருக்க? ஆனால் அவர்கள் கணக்கு வேறு. "தவம் பண்ணியும் ஆறலைன்னா இன்னும் எதையோ மறைக்கிறான்" என்றார்கள். ஒருத்தியா, ரெண்டு பேரா என்று பேச்சு போனது. என் பேச்சைக் கேட்டு அவர் தன் வாயாலேயே அவர்களுக்கு அவல் கொடுத்துவிட்டார்.

1946 பங்குனியில் என் தம்பி சந்தனராஜ் சண்டையில் இருந்து திரும்பி வந்தான். அஸ்ஸாமில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் புண் கட்டுகிற வேலை பார்த்தவன். ஊரில் கேள்விப்பட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான், காட்டுங்க. நான் பார்க்காத புண்ணா?" என்றான்.

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். "இந்த அஞ்சு வருஷத்துல எப்பவாச்சும் கொறைஞ்சுச்சா?"

இவர் யோசித்தார். "ஜெகதாப்பட்டினத்துல தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மாசம் இருந்தேன். அங்க நல்லாக் கொறைஞ்சுச்சு. கடல் குளிப்புன்னு நெனச்சேன். இங்க வந்த பத்து நாள்ல பழையபடி."

"அங்க என்ன கட்டினீங்க?"

"கோவணம் கொண்டுபோன பை வண்டியிலயே தொலைஞ்சுபோச்சு. தங்கச்சி பழைய சீலையைக் கிழிச்சுக் குடுத்துச்சு."

தம்பி என்னிடம் திரும்பி, "அக்கா, மச்சான் கோவணத்தை எல்லாம் எடுத்துட்டு வா," என்றான். நான் கையால் தொட மாட்டேன், குச்சியில்தான் எடுப்பேன். குச்சியிலேயே எடுத்து வந்தேன். அவன் கையில் வாங்கி வெளிச்சத்தில் விரித்தான். ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் மூன்று கறுப்புப் பொட்டு. வண்ணார் வீட்டுக் குறி. துணி மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறி போடுவார்களே, அது. கட்டினால் அந்த மூன்று பொட்டும் சரியாக அந்த இடத்தில் வந்து உட்காரும்.

"சேங்கொட்டைப் பால்ல போடுறது," என்றான். "வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சட்டைக் கழுத்துல இந்தக் குறி இருக்கும். கழுத்துல கொப்புளம் கொப்புளமாக் கெளம்பும். என்னமோ காட்டு வியாதின்னு முதல்ல பயந்தாங்க. அப்புறம் டாக்டர்மாரு கண்டுபிடிச்சு, சட்டையில குறியே போடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாங்க. பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு ஒண்ணும் செய்யாது. ஒருத்தர் ஒடம்புக்கு ஆகாது. ஆகாத ஒடம்புல பட்டுக்கிட்டே இருந்தா ஆறவே ஆறாது."

வைத்தியன் தின்னக் கொடுத்ததும் அதே சேங்கொட்டை!

எங்கள் ஊருக்கு வெளுக்கிறவள் உண்ணாமலை. புருஷன் செத்துப்போய், ஒற்றை மகனோடு இருந்தாள். கூப்பிட்டு அனுப்பினேன். வந்து வாசலில் நின்றாள். குறியைக் காட்டிக் கேட்டேன்.

"ஆமா ஆத்தா. கொட்டையை ஊசியில குத்தி, பாலைத் தொட்டு வச்சு, மேல சுண்ணாம்பு தடவுவோம். மத்த துணிக்கு ஓரத்துல வைப்பேன். கோவணத்துக்கு ஓரம் அரைஞாண்ல மாட்டி மாட்டிப் பிஞ்சுபோகும், குறி நிக்காது. அதனால நடுவுல வைப்பேன்," என்றாள்.

உபதேசியார் ஆகும்வரை இவர் தன் கோவணத்தைத் தானே கிணற்றடியில் கசக்கிப் போட்டவர். உபதேசியார் கிணற்றடியில் கோவணம் கசக்கினால் ஊருக்கு மதிப்பா என்று கூடிப் பேசி, அவர் துணி எல்லாம் உண்ணாமலைக்குப் போக வேண்டும் என்று வைத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

"எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் மூணு பொட்டா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். "ஒங்க வீட்டுக்கு ஒரு பொட்டுதான் ஆத்தா. நீங்கதான் சீக்குத் துணி, மத்த துணியோட கலந்துரக் கூடாது, நல்லாத் தெரியுற மாதிரி வையின்னு சொன்னீங்க. அதான் மூணா வச்சேன். வெளுக்க வெளுக்க அழிஞ்சிரக் கூடாதுன்னு அப்பப்ப மேலயும் வைப்பேன்."

சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன். அவளைத் திட்டலாம் என்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு விஷயம் புரிந்ததும், "ஊர்ல தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாங்க ஆத்தா" என்று மண்ணில் விழுந்தாள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று இவர் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

எல்லாக் கோவணத்தையும் அடுப்பில் போட்டேன். புதுத் துணி வாங்கி, கஞ்சி போக நானே அலசி, குறியில்லாமல் கொடுத்தேன். தேங்காய் எண்ணெயைத் தவிர எந்த மருந்தும் இல்லை. பத்து நாளில் நீர் வடிவது நின்றது. ஒரு மாதத்தில் தோல் மெல்லிசாகிப் பழைய நிறத்துக்கு வந்தது. ஐந்து வருஷம், மூன்று பல், இரண்டு பாஸ்கு, ஒரு பெயர் எல்லாம் போன பிறகு ஒரு முழம் துணியில் தீர்ந்தது.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? இவர் நிமிர்ந்து நடக்கிறார், ஒரு இடத்தில் நிற்கிறார். ஆறிவிட்டது என்று கண்டுகொண்டார்கள். அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள். தவம் பலித்துவிட்டதாம்! மறைத்த பாவத்தையும் கடைசியாகச் சொல்லியிருப்பானாம், அதனால் ஆண்டவர் மனமிரங்கினாராம். அவர் சுகமானதே அவர் போனதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஆடி மாதம் எங்கள் கோயில் சந்தியாகப்பர் திருநாள். பெரிய பூசை, பக்கத்து ஊர் சனமெல்லாம் வந்திருந்தது. பிரசங்கத்தில் சாமி, மனஸ்தாபத்தின், அதாவது செய்த பாவத்துக்கு வருந்துவதன், மகிமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, "அதற்கு வெளியே எங்கும் போய் உதாரணம் தேட வேண்டாம், பிள்ளைகளே. உங்கள் நடுவிலேயே ஒருவர் பாவத்தை அறிக்கையிட்டு, பரிகாரம் செய்து, சரீர சுகமும் பெற்று உட்கார்ந்திருக்கிறார்," என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. தூணோரத்தில் இவர் தலையைக் குனிந்தார்.

நான் எழுந்துவிட்டேன். பெண்கள் பக்கத்தில் இருந்து ஒருத்தி பூசை நடுவில் எழுந்து பேசுவது எங்கள் ஊர் கண்டதில்லை.

"சாமி, பொய்!" என்றேன். "அவரு எங்கயும் போகலை. நான்தான் போனேன்னு சொல்லச் சொன்னேன். எனக்காகச் சொன்னாரு. அது துணிக்குப் போடுற சேங்கொட்டைக் குறியில வந்த புண்ணு. குறி இல்லாத துணி கட்டினாரு, ஆறிருச்சு. ஒங்க தவத்துல ஆறலை!"

அட, ஐந்து வருஷம் ஒரு மனுஷனை வதைத்துவிட்டோமே என்று ஒருவராவது தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். தங்கமுத்து துள்ளி எழுந்தார்.

"அடி செருப்பால! அந்த வண்ணாத்தியா நம்ம உபதேசியாரைக் கெடுத்தது? வெளியதான் நிக்கிறா, இழுத்துட்டு வாங்கடா!"

நம்ம உபதேசியாராம்! ஐந்து வருஷமாக அவர் நிழல் படாமல் நடந்த பத்துப் பன்னிரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். பவனியில் சந்தியாகப்பர் சுரூபம் வரும் வழியில் துணி விரிப்பதற்காக உண்ணாமலை மூட்டையோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். சன்னல் வழியாக எனக்கு அவள் தெரிந்தாள். அவள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடக்கூடத் தெரியாமல் நின்றாள். சாமி பீடத்தடியில் இருந்து "அமைதி, அமைதி" என்றார், அதை யார் கேட்டார்கள்?

அப்போது இவர் எழுந்து வாசலை மறித்து நின்றார். பல் போன வாய்தான், ஆனால் பாடுகளின் கதை வாசித்த அந்தப் பழைய குரல்.

"யாரும் அந்தப் பொம்பளை மேல கை வைக்க வேணாம். குறியும் இல்லை, கொட்டையும் இல்லை. நான் போனேன். நான் செஞ்ச பாவந்தான். என் சம்சாரம் என் மேல உள்ள பாசத்துல என்னமோ சொல்லுது. சாமி மன்னிச்சுக்கணும்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பூசை தொடர்ந்தது. ஊர் முன்னால் நான் பொய் சொன்ன பொண்டாட்டி ஆனேன், அவர் இரண்டாம் தரமும் பாவி ஆனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஒங்களுக்கு ரோஷமே கெடையாதா? ஒங்க பேரைத் திருப்பி வாங்கிக் குடுத்தேனே, தூக்கி எறிஞ்சிட்டீங்களே!"

அவர் நின்றார். "மொதத் தடவை நான் சொன்ன பொய்யில யாருக்கு என்ன லாபம் செபமாலை? இந்தத் தடவை ஒரு பொம்பளை அடிபடாம வீட்டுக்குப் போனா," என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எட்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரை மறுபடியும் உபதேசியார் ஆக்கவும் இல்லை, தபசு காலத்தில் வாசிக்கக் கூப்பிடவும் இல்லை. உண்ணாமலை மட்டும் எங்கள் துணியைக் குறியில்லாமல் தனியாக வெளுத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

போன ஐப்பசியில் உண்ணாமலை காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் மகன் திருச்சியில் லாண்டரிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான், இனி இந்தப் பக்கம் வர மாட்டான். அடிப்பதற்கு உங்களுக்கு அந்த வீட்டில் இனி யாரும் இல்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன், சந்தியாகுபட்டிக்காரர்களே. என் புருஷன் எங்கேயும் போகவில்லை. அடிக்க வேண்டும் என்று கை அரித்தால் குறியை மூன்றாகப் போடச் சொன்னவள் நான்தான். வீட்டில்தான் இருக்கிறேன், வாருங்கள்.